பேரன் இன்னும் பேசவில்லையா? பொறுத்துப் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வெளியே ஆங்கிலமும் பேசிக் குழந்தைகளைக் குழப்புகிறார்கள், பேச்சு வர நாளாவது அதனால்தான் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதில் முழுசாக எட்டு மாதம் போய்விட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மினசோட்டாவில் இருக்கிறோம். பையனுக்கு ஒன்றே முக்கால் வயதாகியும் அம்மா, பா, தண்ணிக்கு ஒரு 'ண்ணீ', இவ்வளவுதான். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த அத்தை (என் மாமியார்), "இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான், இப்போ நிறுத்த முடியுதா பாரு" என்றார்கள். கேட்க ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததால் நானும் சும்மா இருந்துவிட்டேன்.

கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்மணிதான், ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குப் போன் செய்தாயா என்று கேட்டார். ரெண்டரை வயதுகூட ஆகாத பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்கும் தோன்றியது. மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வரும், இது அதில்லை. பள்ளிகளை நடத்துவதற்கென்றே தேர்தலில் வந்த குழுவும் சொத்து வரியில் ஒரு பங்கும் உள்ள தனி அமைப்பு. 1986-இல் அமெரிக்க நடுவண் சட்டத்தில் சேர்த்த ஏற்பாட்டின்படி, பிறந்ததிலிருந்து மூன்று வயதுவரை வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்கு வீட்டுக்கே வந்து உதவுகிறார்கள். சில மாநிலங்களில் இது சுகாதாரத் துறையின் கையில் இருக்கிறது, மினசோட்டாவில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டே செய்கிறது. டாக்டர் சீட்டு தேவையில்லை. பரிசோதனைக்குப் பணம் கிடையாது, இது எல்லா மாநிலத்துக்கும் பொது. எங்கள் மாநிலத்தில் அதற்கப்புறம் வரும் பயிற்சிக்கும் கிடையாது. தகவல் போன நாளிலிருந்து 45 நாளுக்குள் பரிசோதித்து, தகுதி உண்டென்றால் குடும்பத்தோடு உட்கார்ந்து திட்டம் போட்டாக வேண்டும்.

எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. முதலில் விட்டு வைத்த வாய்ஸ்மெயிலுக்குப் பதிலே வரவில்லை, நான்தான் மறுபடி கூப்பிட்டேன். பரிசோதனையன்று மொழிபெயர்ப்பாளர் என்று ஓர் அம்மாவை அழைத்து வந்தார்கள், அவருக்குத் தெரிந்தது இந்தி. இந்தியர் என்றால் இந்தி, சரி, புதுசா என்ன! வீட்டில் என்ன மொழி பேசுகிறோமோ அதில்தான் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது நமக்குள்ள உரிமை. சண்டை போடாமல், ஆனால் விடாமல் கேட்டேன். அடுத்த வாரம் தமிழ் தெரிந்தவர் வந்தார். அப்போதுதான் ஒன்று புரிந்தது: அவர்கள் தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது, வீட்டில் தமிழை நிறுத்தவே நிறுத்தாதீர்கள் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுப் பயிற்சி தருபவர்) சொன்னபோது, அந்த எட்டு மாதத்தில் பாதி நாள் நான் அவனோடு ஓட்டை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்ததை நினைத்து அழுகைதான் வந்தது.

அப்புறம் அந்த ஸ்பீச் தெரபிஸ்ட் பெண் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிடுவார். பை நிறைய பொம்மை கொண்டுவருவார் என்று எதிர்பார்த்தேன், வெறுங்கையோடு வந்து எங்கள் சமையலறை டப்பாவைக் கேட்டார். அதற்குள் பிஸ்கட்டைப் போட்டு மூடியை இறுக்கிப் பையன் கையில் கொடுத்தார். அவனால் திறக்க முடியாது, யாரிடமாவது கேட்டாக வேண்டும். அந்த சமயம் மறுபடி வந்திருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை, "பசிக்கிற பிள்ளையைக் காக்க வைக்கணுமாக்கும்" என்று எழுந்தே விட்டார்கள். ஐந்து எண்ணும்வரை பொறுங்கள் பாட்டி என்று தெரபிஸ்ட் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். எங்கள் வீட்டில் அவன் கண்ணைக் காட்டுமுன்னே தண்ணீர் வாயருகே வந்துவிடும், எதைக் கேட்டு அவன் பேச? மூன்றாவது வாரம் டப்பாவை நீட்டி "தெற" என்றான்.

நம்மவர்களிடம் இதைச் சொன்னால் வரும் முதல் பதில், அதெல்லாம் ஏழைகளுக்கு. 1965-இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் என்ற மழலையர் திட்டத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள், அதுதான் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கானது. இரண்டாவது, விசாவுக்குச் சிக்கல் வருமோ என்ற பயம். எங்களிடம் யாரும் விசா பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பிள்ளைக்கு ஏதோ முத்திரை விழுந்துவிடுமாம். கிண்டர்கார்டனுக்கு முன் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் செய்யும் கண், காது, வளர்ச்சிப் பரிசோதனைக்கே ஒரு அப்பா நுழைவுத்தேர்வு மாதிரி ஏபிசிடி உருப்போட வைத்துக் கூட்டி வந்ததைப் பார்த்தேன்.

எந்தக் குறையும் இல்லாத பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் இங்கே வகுப்பு உண்டு. எழுபதுகளில் தொடங்கியது. கொஞ்ச நேரம் பிள்ளையோடு விளையாட வேண்டும், அப்புறம் பிள்ளைகளை ஆசிரியர்களிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேச வேண்டும். கட்டணம் வருமானத்துக்கேற்ப, கட்ட முடியாதவரைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். ஊர் விட்டு வந்து கைக்குழந்தையோடு தனியாகக் கிடக்கும் பெண்களுக்கு அந்த அறைதான் மருந்து என்பேன். நான் முதலில் வாய் திறந்தது ஒரு சோமாலி அம்மாவிடம், இரண்டு பேருக்கும் தூக்கமில்லாத கதைதான்.

பையனுக்கு மூன்று வயதானதும் வீட்டுக்கு வருவது நின்று, பள்ளியில் சின்ன வகுப்புக்கு மாறினான். எங்களுக்கு வீட்டிலேயே கிடைத்தது ஐந்தே மாதம், சீக்கிரம் கூப்பிட்டிருந்தால் ஒரு வருடத்துக்கு மேல் கிடைத்திருக்கும்.

இந்தப் பத்திரிகையை ஊரில் படிக்கும் தாத்தா பாட்டிகளுக்குத்தான் இதை எழுதுகிறேன். வீடியோ காலில் முதலில் கவனிப்பது நீங்கள்தான். மகனையோ மகளையோ, மினசோட்டா என்றால் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு, வேறு மாநிலம் என்றால் அங்கே இதைச் செய்யும் துறைக்கு, போன் செய்யச் சொல்லுங்கள். பிறந்த தேதி, வீட்டு முகவரி, என்ன கவலை, இவ்வளவுதான் கேட்பார்கள். அதே போனிலேயே மொழிபெயர்ப்பாளர் தமிழ் தெரிந்தவராக வேண்டும் என்றும் சொல்லிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மினசோட்டா