பைட் வரிசை எச்சரிக்கையின் வாயை அடைக்காதீர்கள்

லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் பழைய பவர்பிசி (ஒரு செயலி வகை) போர்டு ஒன்றில் ஒரு நெட்வொர்க் டிரைவரை ஓட வைக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. 64 பைட் பாக்கெட் வந்தால், அதன் நீளம் 107,37,41,824 என்று படித்துவிட்டு டிரைவர் அதைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தது.

தேடிப் பார்த்தால் ஒரே ஒரு வரி. சாதனம் நீளத்தை லிட்டில் எண்டியனில், அதாவது குறைந்த இடமதிப்புள்ள பைட்டை முதலில் வைத்துத் தருகிறது: பதினாறடிமானத்தில் 40 00 00 00. என் போர்டு பிக் எண்டியன். முதலில் வருவதை அதிக இடமதிப்புள்ள பைட்டாக எடுத்துக்கொள்ளும். நடுவில் மாற்றித் தந்திருக்க வேண்டும், தரவில்லை.

எனக்கு வருத்தம் அந்தத் தவறு மேல் இல்லை. அந்த மாறியை எல்இ32 (லிட்டில் எண்டியன் 32 பிட் எண்) என்று சரியாகத்தான் அறிவித்திருந்தார்கள். கம்பைலருக்கு அதுவும் சாதாரண 32 பிட் எண்ணும் ஒன்றுதான், ஆனால் ஸ்பார்ஸ் இரண்டையும் பிரித்துப் பார்க்கும். கெர்னல் நிரலில் இப்படிப்பட்ட தவறுகளைத் தேட, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் தொடங்கிய கருவி அது. இங்கேயும் அது எச்சரித்திருக்கும். யாரோ ஃபோர்ஸ் என்ற குறி போட்டு காஸ்ட் செய்து, அதாவது இந்த வகை மாற்றத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள் என்று சொல்லி, அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எக்ஸ்86 (சாதாரண கணினிகளின் செயலி வகை) தானே லிட்டில் எண்டியன் என்பதால், அங்கே எல்இ32 மாற்றம் எந்த வேலையும் செய்யாது. அதை மறந்தாலும், இரண்டு முறை செய்தாலும் உங்கள் மேசையில் எல்லாம் ஓடும். தவறைக் காட்டிக்கொடுக்க அந்த எச்சரிக்கையை விட்டால் அங்கே வேறு எதுவும் இல்லை.

"பிக் எண்டியன் இப்போது யாரிடம் இருக்கிறது?" என்று கேட்கிறீர்கள். ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களில் இன்றும் லினக்ஸ் பிக் எண்டியனில்தான் ஓடுகிறது. சரி, அதை விடுங்கள். நெட்வொர்க் பாக்கெட்டின் ஐபி தலைப்பில் வரும் எண்கள் எல்லாம் பிக் எண்டியன். கோப்பு முறைகளில் எக்ஸ்எஃப்எஸ் வட்டில் எழுதுவதும் பிக் எண்டியன், எக்ஸ்ட்4 எழுதுவது லிட்டில் எண்டியன். உங்கள் லேப்டாப்பிலேயே இரண்டு வரிசையும் தினமும் கலந்துதான் ஓடுகின்றன.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. பேட்ச் (நிரல் மாற்றம்) அனுப்பும் முன் மேக் கட்டளையோடு சி=2 சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள், ஸ்பார்ஸ் சோதித்துவிடும். தரவு உள்ளே வரும் இடத்திலேயே ஒரு தடவை மாற்றிவிட்டு, அப்புறம் சாதாரண எண்ணாகவே கொண்டுபோங்கள். எண்டியனுக்கு ஒன்றாக இரண்டு கிளை எழுத வேண்டாம். க்யூஎமு என்ற எமுலேட்டர் உங்கள் சாதனத்தைப் போலச் செய்து காட்டுமானால், அதிலேயே ஒரு பிக் எண்டியன் பவர்பிசியை ஓட்டிப் பார்க்கலாம். ஃபோர்ஸ் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் உண்டு. அங்கே ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

என் போர்டு இன்னும் ஓடுகிறது. உங்கள் பேட்ச்சை அதில் சோதித்துச் சொல்ல நான் தயார்.

அன்புடன்,
பவர்பிசியை இன்னும் விடாத ஒருவன்