செப்டம்பரில் ஒரு படம் பார்த்துவிட்டு வா

செங்கோட்டை
ஆடி 5, 2025

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். நீ கூப்பிடுகிற நேரத்தில் இங்கே பால் பொங்கும், நான் கூப்பிட்டால் உனக்கு மீட்டிங். அதோடு, பேச்சில் சொன்னால் நீ நடுவில் இரண்டு தடவை "சரிம்மா, சரிம்மா" என்பாய், எனக்கு விஷயமே மறந்துவிடும். காகிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது.

சாரல் நாலு நாளாக விடவில்லை. கொடித்துணி ஈர வாடை அடிக்கிறது. அப்பா குடையும் கையுமாகக் கார் நடவுக்கு அலைகிறார். குற்றாலத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் பிரானூர் பார்டரில் புரோட்டா தின்ன நிற்பதால், புளியரை பஸ் அந்த இடத்தைத் தாண்ட அரை மணி நேரம் ஆகிறது. மற்றபடி எல்லாரும் சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாசம் கமலுக்கு ஆஸ்கர் அகாடமியிலிருந்து அழைப்பு வந்த செய்தி டிவியில் ஓடியது. எதிர்வீட்டு மதினி ஓடிவந்து, "கமலுக்கு ஆஸ்கர் கிடைச்சிருச்சாமே!" என்றாள். விருது இல்லை மதினி, ஓட்டுப் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள், 2022-ல் சூர்யாவையும் அடுத்த வருஷம் மணிரத்னத்தையும் கூப்பிட்ட மாதிரி என்று சொன்னேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஓட்டுத்தானா?" என்று திரும்பிப் போனாள்.

எனக்கு அப்போது உன் ஞாபகம் வந்தது. மார்ச்சில் உன் ஆபீஸில் வைத்த, ஆஸ்கர் யாருக்கு என்று முன்கூட்டி எழுதும் போட்டியில் கடைசி ஆளாக வந்தாயே, நீயும் மதினி மாதிரிதான். ஓட்டை மறந்துவிட்டு விருதை மட்டும் பார்க்கிறாய். நடிகை டெமி மூர் கோல்டன் குளோப் விருது மேடையில் ஏறி, 45 வருஷத்துக்கு மேல் நடித்து இதுதான் தன் முதல் விருது என்று சொன்னார்களே, அதைப் பார்த்து அழுதுவிட்டு அப்படியே சீட்டில் எழுதிவிட்டாய். நானும்தான் அழுதேன். ஆனால் 'அனோரா' கதாநாயகி மைக்கி மாடிசன் என்று எழுதினேன், ஆஸ்கர் அவருக்கே போனது.

எப்படி என்று அன்றைக்குக் கேட்டாய். நான் குருட்டாம்போக்கு என்று சொன்னேன். அது பொய்.

2019-ல் சிறந்த நடிகை கிளென் க்ளோஸ்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், வாங்கியது ஒலிவியா கோல்மன். 2021-ல் இறந்துபோன சாட்விக் போஸ்மனுக்குத்தான் என்று விழாக்காரர்களே நம்பிய மாதிரி, எப்போதும் படத்துக்குக் கொடுத்து முடிப்பதை மாற்றி நடிகர் விருதைக் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள். வந்த பெயர் அந்தோணி ஹாப்கின்ஸ். 83 வயசு, அரங்கில்கூட இல்லை, வேல்ஸில் தன் பிறந்த மண்ணில் இருந்தார். நான் போஸ்மன் என்று எழுதி உனக்கு ஒரு புடவைக் காசு தோற்றேன், ஞாபகம் இருக்கும். தோற்ற பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். கோல்மன், ஹாப்கின்ஸ் இருவருக்கும் லண்டன்காரர்கள் பாஃப்டா என்கிற தங்கள் சினிமா விருதை ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். மாடிசனுக்கும் இந்த பிப்ரவரியில் கொடுத்தார்கள். அமெரிக்க நடிகர் சங்க விருது டெமி மூருக்குப் போனது, எல்லார் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது.

பாஃப்டா பலிப்பதற்குக் காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நடிப்பு விருதுப் பட்டியலில் இரண்டு வருஷம் தொடர்ந்து வெள்ளைக்காரர்கள் மட்டுமே இருந்தார்கள் என்று 2016-ல் பெரிய சண்டை வந்தது. அதற்கப்புறம் அகாடமி வெளிநாட்டு ஆட்களை வருஷா வருஷம் நூற்றுக்கணக்கில் சேர்த்தது. அமெரிக்க நடிகர் சங்கத்துக்காரர்கள் அழுதால் மட்டும் இப்போது போதாது. சூர்யாவும் ஓட்டுப் போடுகிறார், கொரியாக்காரரும் போடுகிறார். 2020-ல் ஆங்கிலம் அல்லாத ஒரு படம், 'பாரசைட்', முதல் தடவையாகச் சிறந்த படம் வாங்கியதை வேறு எப்படிப் புரிந்துகொள்வாய்?

உடனே இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. 2023-ல் என் கணக்கு காலை வாரிவிட்டது. பாஃப்டா சொன்னது கேட் பிளான்செட், ஆஸ்டின் பட்லர். ஆஸ்கர் போனது மிஷெல் யோவுக்கும் பிரெண்டன் ஃப்ரேசருக்கும். அந்த வருஷம் நடிகர் சங்கம் சொன்னதே நடந்தது. அதனால் இரண்டும் வேறு வேறு பக்கம் இழுத்தால், எந்தப் படம் ஏறுமுகத்தில் இருக்கிறது என்று பார். யோவின் படம் ஏறிக்கொண்டிருந்தது. 'அனோரா' தயாரிப்பாளர் சங்கத்திலும் இயக்குநர் சங்கத்திலும் ஜெயித்துவிட்டு வந்தது. அது ஏறும்போது கதாநாயகியையும் தூக்கிக்கொண்டு போனது.

தயாரிப்பாளர் சங்கத்தை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்றால், அவர்களும் அகாடமியும் சிறந்த படத்துக்கு ஒரே மாதிரி ஓட்டு எண்ணுகிறார்கள். மற்ற விருதுகளுக்கு அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார், முடிந்தது. சிறந்த படத்துக்கு மட்டும் பத்துப் படத்தையும் வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். இதை உனக்கு எங்கள் தபால் ஆபீஸ் டூர் கதையை வைத்துச் சொன்னால்தான் ஏறும்.

பத்துப் பேர் சேர்ந்து டூர் போக இடம் கேட்டோம். நாலு பேர் கொடைக்கானல், மூன்று பேர் திருவனந்தபுரம், இரண்டு பேர் ராமேஸ்வரம், நான் ஒருத்தி ஊட்டி. சாதாரணமாக எண்ணினால் கொடைக்கானல். ஆனால் எங்கள் ஹெட் கிளார்க் ஒரு நியாயஸ்தர், பாதிக்கு மேல் சம்மதிக்காத இடத்துக்குப் பஸ் பிடிக்க மாட்டேன் என்றார். கடைசியில் இருந்த ஊட்டியை முதலில் அடித்தார். "உனக்கு அடுத்தது எது?" என்றார். திருவனந்தபுரம் என்றேன். நாலுக்கு நாலு. அடுத்து ராமேஸ்வரத்தை அடித்தார். அந்த இரண்டு பேருக்கும் இரண்டாவது இடம் திருவனந்தபுரம்தான், கோயிலுக்குக் கோயில் ஆச்சு என்று. ஆறுக்கு நாலு! போனது திருவனந்தபுரம். கொடைக்கானல்காரர்கள் பஸ் ஆரியங்காவு தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை.

2022-ல் 'கோடா' ஜெயித்தது இப்படித்தான் என்று நான் நினைக்கிறேன். மொத்தமே மூன்று பரிந்துரை. இயக்குநருக்கு இல்லை, படத்தொகுப்புக்கும் இல்லை. படத்தொகுப்பில் பரிந்துரை இல்லாத படம் ஜெயிக்காது என்று ஒரு பழைய விதி இருந்தது. 1980-ன் 'ஆர்டினரி பீப்பிள்' படத்துக்கு அப்புறம் 2014-ன் 'பேர்ட்மேன்' வரைக்கும் அது பொய்க்கவே இல்லை. விதியை நம்பியவர்கள் 'கோடா' வருஷம் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பிடிக்காதவர் யார் சொல்லு. நிறையப் பேருக்கு இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருந்திருக்கும். தயாரிப்பாளர் சங்கம் வாசலிலேயே சொல்லிவிட்டது.

இன்னொன்று. பெரிய விருதுகளில் போட்டி ஜெயிப்பது கஷ்டம், ஏனென்றால் உன் ஆபீஸில் எல்லாருமே அதைச் சரியாக எழுதிவிடுவார்கள். குறும்படம், ஆவணக் குறும்படம், ஒலி, உடை, இங்கேதான் நீ முந்த வேண்டும். இதையெல்லாம் நீ கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கிறாய். 2023-ல் 'நாட்டு நாட்டு' எல்லார் சீட்டிலும் இருந்தது, கோல்டன் குளோப் வாங்கின பாட்டு. ஆவணக் குறும்படத்துக்கு நான் தெப்பக்காடு யானைக்குட்டியை எழுதினேன், உனக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. முதுமலையில் எடுத்த 'தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்' படம், பொம்மன், பெள்ளி கதை. அதில் நான் கணக்குப் போடவில்லை, யானை என்பதால் எழுதினேன்.

2009-ம், 'ஸ்லம்டாக் மில்லியனேர்' வருஷம், அப்படித்தான். நீ ஒன்பதாவது. சீருடையைப் போட்டுக்கொண்டு, ஒரு சடை பின்னி ஒரு சடை பின்னாமல், டிவி முன்னால் நின்றாய். நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு உன் பின்னால். ரஹ்மான் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். நமக்கு ஒலிக்கலவைக்கு வாங்கிய ரசூல் பூக்குட்டி. அஞ்சல் பக்கம் விளக்குப்பாறைக்காரர், நம் மலைக்கு அந்தப் பக்கம். ஓம் என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் மௌனம் என்று மேடையில் அவர் சொன்னபோது நீ என் கையைப் பிடித்தாய். காலண்டர் பின்பக்கத்தில் ஒலிக்கலவைக்கு நேராக அவர் பெயரை எழுதியிருந்தேன், எதிரே பேட்மேன் படம் நின்றது தெரிந்தும். ஊர்ப்பாசத்தில் எழுதி ஜெயித்தேன் என்று பல வருஷம் பெருமை அடித்தேன். அந்த மாதமே பாஃப்டாவிலும் ஒலி விருது 'ஸ்லம்டாக்' படத்துக்குத்தான் போயிருந்தது என்று வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. என் பாசமும் லண்டன் கணக்கும் அன்றைக்கு ஒத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது ஒலிக்கு ஒரே விருதுதான். அப்போது இரண்டாக இருந்தது.

ஆஸ்கர் மேடையில் உறை மாறிய கதையையும் எழுதிவிடுகிறேன், போனில் நீ சிரித்தாய், நான் சிரிக்கவில்லை. முதல் விழாவில், 1929-ல், யார் ஜெயித்தார் என்பது மூன்று மாதம் முன்பே ஊருக்குத் தெரியும். அப்புறம் பத்திரிகைகளுக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுத்தார்கள். 1940-ல் ஒரு பத்திரிகை விழாவுக்கு முன்னாலேயே அச்சடித்துவிட்டது. அதனால்தான் 1941-ல் இருந்து ஒட்டிய உறை. 2017-ல் என்ன நடந்தது? மேடையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செட் உறை. நடிகை விருது ஒரு பக்கத்து உறையில் இருந்து வாசித்தாயிற்று, மறுபக்கம் அதே விருதின் உறை மிச்சம் இருந்தது. உறைகளுக்குப் பொறுப்பான கணக்கர் அதை, சிறந்த படத்தை அறிவிக்க வந்த நடிகர் வாரன் பேட்டி கையில் கொடுத்துவிட்டார். 'லா லா லேண்ட்'காரர்கள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது, இல்லை 'மூன்லைட்' என்று திருத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் உறை மேல் எழுத்தைப் பெரிசாக்கினார்கள்.

அந்தக் கணக்கரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு பையனின் இன்டர்வியூ கார்டைப் புளியரைப் பைக்குப் பதிலாகப் புனலூர்ப் பைக்குள் போட்டேன். இரண்டும் 'பு'. பின்கோடு 627-க்கு வரவேண்டியது 691-க்குப் போய்த் திரும்பி வர நாலு நாள். பையனுக்குத் தேதி தாண்டிவிட்டது. கவுண்டருக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் கார்டைக் காட்டிவிட்டுப் போனான். அதற்கப்புறம் ஓய்வு பெறுகிறவரை ஒவ்வொரு உறையையும் விரலால் கோடிழுத்துத்தான் வாசித்தேன்.

சரி, இப்போது உனக்கு வேலை வைக்கிறேன். அடுத்த விழா 2026 மார்ச் 15. இந்தத் தடவை காஸ்டிங் என்கிற நடிகர் தேர்வுக்கும் விருது சேர்ந்து மொத்தம் 24. ஒரு பிரிவில் ஓட்டுப் போட வேண்டுமானால் அதில் உள்ள எல்லாப் படத்தையும் பார்த்திருக்க வேண்டும் என்று புது விதியும் போட்டிருக்கிறார்கள். படத்தை ஓடவிட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் இருப்பார்கள், அது வேறு. ஆனாலும் பெயரைப் பார்த்து மட்டும் குத்துவது கொஞ்சம் குறையலாம், சின்னப் பிரிவுகளில் நல்ல படத்துக்கு வழி பிறக்கலாம் என்று நினைக்கிறேன்.

வருஷத்தின் முதல் துப்பு உன் ஊரிலேயே கிடைக்கிறது. செப்டம்பரில் நடக்கிற டொரன்டோ திரைப்பட விழாவின் பெரிய பரிசு ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பது. 'ஸ்லம்டாக் மில்லியனேர்' அங்கேதான் முதலில் ஜெயித்தது. 'கிரீன் புக்', 'நோமேட்லேண்ட்' எல்லாமே அங்கே ஜெயித்துவிட்டுத்தான் ஆஸ்கருக்குப் போனது. எல்லா வருஷமும் பலிக்காது. ஆனால் பக்கத்துச் சீட்டுக்காரன் எப்போது கண்ணைத் துடைக்கிறான், எப்போது போனைப் பார்க்கிறான் என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது. அங்கே நீ மூன்று வருஷமாக இருக்கிறாய், ஒரு தடவைகூடப் போகவில்லை. லேப்டாப்பை ஒரு சனிக்கிழமை மூடி வை. டிக்கெட் இரண்டாக வாங்கு. உன் மாடியில் இருக்கிற புனலூர்ப் பெண் உன்னைச் சினிமாவுக்குக் கூப்பிட்டாள், நீ வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாய் என்றாயே, அவளைக் கூட்டிக்கொண்டு போ. படம் முடிந்து வெளியே வருகிறவர்கள் பேசுவதைக் காதில் வாங்கு. எனக்கு நாலு வரி எழுது. போன் வேண்டாம்.

பார்சலில் நேந்திரங்காய் சிப்ஸும், அப்பா பிடிவாதமாகச் சேர்த்த மாகாளிக்கிழங்கு ஊறுகாயும் இருக்கிறது. டப்பாவைச் சுற்றி மூன்று கவர் போட்டிருக்கிறேன். எண்ணெய் வெளியே வந்தால் என்னைக் குறை சொல்லாதே.

இப்படிக்கு
அம்மா

பின்குறிப்பு: அப்பாவும் தன் கணிப்பை எழுதச் சொல்கிறார். மூன்று மணி நேரம் ஓடாத படத்துக்குப் பரிசு கிடையாதாம். 'ஓப்பன்ஹைமர்' வருஷம் இதே காரணத்தைச் சொல்லி ஜெயித்ததில் இருந்து அடக்க முடியவில்லை.