ஜெர்மனிக்கு மாணவர்களை அனுப்பும் கன்சல்டன்சிகளுக்கு மியூனிக்கில் இருந்து ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, திருச்சி, மதுரை என்று ஊருக்கு ஊர் ‘ஜெர்மனியில் படிக்கலாம்’ போர்டு வைத்து அலுவலகம் நடத்தும் அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் மியூனிக்கில் படித்து, இப்போது இங்கேயே வேலை பார்க்கிறவன். செப்டம்பர் கடைசி ஆனால் போதும், நீங்கள் அனுப்பிய பிள்ளைகள் யார் யார் மூலமாகவோ என் நம்பரை வாங்கிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அட்மிஷன், ஏபிஎஸ் சான்றிதழ் (நம் ஊர் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுண்ட் (விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கு), விசா வரைக்கும் உங்கள் வேலையை நான் குறை சொல்ல வரவில்லை, சிலர் நன்றாகவே செய்கிறீர்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த அன்றோடு உங்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. கடைசியாக ஒரு தாள் கொடுப்பீர்களே, குக்கர், பெட்ஷீட், அடாப்டர், தெர்மல், மசாலாப் பொடி என்று, அதில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் இங்கே கடையில் கிடைப்பவைதான். கிடைக்காதது வீடு. அதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. “அங்கே நம்ம பசங்க இருப்பாங்க, போய்ப் பாத்துக்கலாம்” என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புகிறீர்கள். அந்த ‘நம்ம பசங்க’ளில் ஒருவனாக இருந்துதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் எல்லாமே முகவரியில்தான் தொடங்கும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், ஆன்மெல்டுங் என்பார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் மட்டும் பதிய மாட்டார்கள். ‘இவர் இந்தத் தேதியில் இந்த வீட்டுக்கு வந்தார்’ என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும், வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் பகுதி நேர வேலையில் சேர்ந்தால் சம்பளத்தில் உச்ச வகுப்பு வரியைப் பிடித்துக்கொள்வார்கள். பல வங்கிகள் பதிவுச் சான்றைக் கேட்கும். ரெசிடென்ஸ் பெர்மிட் எந்த அலுவலகத்தில் வாங்குவது என்பதும் பதிந்த முகவரியைப் பொறுத்ததுதான். மியூனிக் நகருக்குள் இருந்தால் ருப்பர்ட் தெருவில் இருக்கும் கேவிஆர் அலுவலகம். டியூஎம் என்கிற மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிற கார்ஹிங்கில் அறை கிடைத்தால் அது மியூனிக் நகரமே இல்லை, தனி ஊர், மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். மெட்ரோவில் ஒரே கோடு, ஆனால் அலுவலகம் வேறு. இது தெரியாமல் தவறான அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகள் உண்டு.

அதனால் அறை தேடும்போது முதலில் கேட்க வேண்டியது “பதிவுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?” என்பது. வாடகை எவ்வளவு என்று அப்புறம் கேட்கலாம். விடுமுறை வாடகை அறைகள், ஹாஸ்டல் படுக்கைகள், “ஃப்ரெண்ட் ரூம்ல ஒரு மாசம்” போன்றவற்றில் பெரும்பாலும் இந்தத் தாள் கிடைக்காது. அந்த நெருக்கடியில் காசுக்கு முகவரி தருகிறேன் என்று சிலர் கிளம்பி வருவார்கள், அதில் நம்மவர்களும் உண்டு என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குடியிருக்காத இடத்தில் பதிவது சட்டப்படி குற்றம், அப்படி முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் போட இடம் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் யாராவது ‘ஆன்மெல்டுங் ஏற்பாடு செய்து தருகிறோம்’ என்று தனியாக ஒரு தொகை வாங்குகிறார்கள் என்றால் அதை இன்றே நிறுத்துங்கள்.

வங்கி விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. சட்டப்படி இங்கே தங்கியிருக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும்கூட, அடிப்படைக் கணக்கு திறக்கும் உரிமை 2016ல் இருந்து சட்டத்தில் இருக்கிறது. ஒரு கிளையில் முகவரி இல்லை என்று திருப்பி அனுப்பினால் ‘பாஸிஸ்கோன்டோ’ விண்ணப்பப் படிவம் கொடுங்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பெயரைச் சொன்னாலே பேச்சு மாறும்.

சரி, வீடு ஏன் கிடைப்பதில்லை? அரசு சார்ந்த மாணவர் விடுதிகளை நடத்தும் ஷ்டூடியரென்டன்வெர்க்கில் காத்திருப்பு பல செமஸ்டர் நீளும். மியூனிக்கின் ஃப்ரைமான் பகுதியில் இருக்கும் பெரிய மாணவர் விடுதி வளாகத்தில் 2021 பிப்ரவரியில் தீ விபத்து நடந்து, அடுத்தடுத்து கோபுரக் கட்டடங்களை மூடியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. தனியார் பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கு 700, 800 யூரோ கேட்பது இங்கே சாதாரணம். இந்த லட்சணத்தில் நீங்கள் பிள்ளைகளை எப்போது இறக்குகிறீர்கள்? செப்டம்பர் மூன்றாவது, நான்காவது வாரத்தில். அதுதான் அக்டோபர்ஃபெஸ்ட் சமயம். இந்த 2026ல் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. உலகமே இங்கே பீர் குடிக்க வந்து இறங்கும்போது ஹாஸ்டல் படுக்கைக்குக்கூட வழக்கத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு கேட்பார்கள். அறை உறுதியானவர்கள் வரட்டும். உறுதியாகாதவர்கள் செப்டம்பர் முதல் வாரத்திலேயே வந்து தேட வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டு வாரத்துக்கு அறை வாடகையைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். விடுதிக்கு விண்ணப்பிப்பதை விசா வந்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள், அட்மிஷன் கடிதம் வந்த அன்று மாலையே செய்ய வேண்டிய வேலை அது.

பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது என்பதைப் பெற்றோரை உட்காரவைத்துச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னால் போதாது. “நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், அட்வான்ஸ் போடுங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்” என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதுவார்கள், பாஸ்போர்ட் நகல்கூட அனுப்புவார்கள். சேலம் பக்கத்து அப்பா ஒருவர், மகள் வேண்டாம் என்று தயங்கியபோதும், நல்ல வீடு கைவிட்டுப் போய்விடுமே என்ற பதற்றத்தில் அனுப்பிவிட்டார். போனது போனதுதான்.

பணம் என்றதும் இன்னொன்று. பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ போட்டாகிவிட்டது, இனிச் செலவே இல்லை என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள், நீங்களும் திருத்துவதில்லை. அது மாதம் 992 ஆகத்தான் வெளியே வரும். வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது (அதை மூன்று தவணையாகக் கொடுக்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு, வீட்டுக்காரர்கள் அதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்). ஆக வந்து இறங்கும்போது அட்வான்ஸ், முதல் மாத வாடகை, முதல் சில வாரச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் தனியாகக் கைப்பணம் வேண்டும். 992ல் 750 அறைக்கும் சுமார் 150 மருத்துவக் காப்பீட்டுக்கும் போனால் மிச்சம் என்ன என்று நீங்களே கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள். மியூனிக்குக்கு அந்தத் தொகை போதாது என்பதை ஃபீஸ் வாங்குவதற்கு முன்னால் சொல்லுங்கள்.

‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்ற பேனரையும் மாற்ற வேண்டும். மியூனிக்கின் இன்னொரு பெரிய பல்கலைக்கழகமான எல்எம்யூவில் இன்னும் கல்விக் கட்டணம் இல்லை. டியூஎம்மில் 2024 குளிர்கால செமஸ்டரில் இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து புதிதாகச் சேர்பவர்களுக்குக் கட்டணம் உண்டு, மாஸ்டர்ஸ் என்றால் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. பகுதி நேர வேலையில் ஈடுகட்டிவிடலாம் என்பீர்கள். குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90, வருடத்துக்கு 140 முழு நாள் வரை வேலை செய்யலாம், எல்லாம் உண்மை. ஆனால் முதல் செமஸ்டரில், ஜெர்மன் மொழியை ஏ1 என்னும் ஆரம்ப நிலை அளவில் வைத்துக்கொண்டு, பாடமும் புரியாமல் குளிரும் தாங்காமல் இருக்கிறவனுக்கு வேலை உடனே கிடைக்கும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறீர்கள்?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது காப்பீட்டு விஷயத்தில். முப்பது வயதுக்கு உட்பட்ட மாணவருக்கு அரசு காப்பீட்டில் மாணவர் சலுகை விகிதம் உண்டு, மருத்துவர், மருத்துவமனை எல்லாம் அதில் அடங்கும். உங்களில் சிலர் அதற்குப் பதிலாக மலிவான தனியார் பாலிசி ஒன்றைத் தலையில் கட்டுகிறீர்கள், கமிஷன் வருவதால்தான் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்தத் தனியார் பாலிசியை வைத்துச் சேர வேண்டுமானால் அரசு காப்பீட்டில் இருந்து விலக்கு எழுதி வாங்க வேண்டும். அந்த விலக்கைத் திரும்பப் பெற முடியாது, படிப்பு முடியும் வரை அரசு காப்பீட்டுக்கு மாணவராகத் திரும்ப வழியில்லை. பதினெட்டு, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, புரியாத மொழியில் ஒரு படிவத்தில், மாதம் சில பத்து யூரோ மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறது. பல்லிலோ முதுகிலோ வலி வந்து மருத்துவர் கொடுத்த பில் ‘பழைய நோய்’ என்று நிராகரிக்கப்பட்ட பிறகுதான் எங்களுக்குப் போன் வரும். அப்போது எங்களால் செய்ய ஒன்றும் இல்லை. விமானம் ஏறுவதில் இருந்து அரசு காப்பீடு தொடங்கும் நாள் வரைக்கும் ஒரு பயணக் காப்பீடு தேவை, அதை மட்டும் விற்றுக்கொள்ளுங்கள். முப்பது தாண்டியவர்களுக்குச் சலுகை விகிதம் இல்லை, அவர்களுக்குத் தனியாக விசாரித்துச் சொல்ல வேண்டும்.

சிறிய விஷயங்கள் சில இருக்கின்றன, சிறியவை என்பதாலேயே யாரும் சொல்லாமல் விடுகிறார்கள். தபால் பெட்டியில் பெயர் ஒட்ட வேண்டும். வரி எண், வங்கி ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும், பெட்டியில் அந்தப் பெயர் இல்லையென்றால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். நம் ஊர் போல மேல்மாடி, கீழ்வீடு என்று விசாரித்துக் கொடுக்க மாட்டார், கதவு எண் என்று ஒன்று பல கட்டடங்களில் கிடையாது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை, அப்பா பெயர் இனிஷியல் குழப்பம் எல்லாம் சேர்த்து, அதே எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். சனி இரவு வந்து சேரும் விமானம் போடாதீர்கள். ஞாயிறு கடை மூடியிருக்கும், மற்ற நாட்களில் இரவு எட்டு மணிக்கு மூடிவிடுவார்கள், விடுதிச் சாவி கொடுக்கும் ஆள் வார நாள் அலுவலக நேரத்தில்தான் இருப்பார், அக்டோபர் 3 வேறு தேசிய விடுமுறை. செவ்வாய், புதன் காலையில் வந்து இறங்கினால் அன்றே பாதி வேலை முடியும். விமான நிலையத்தில் இருந்து எஸ்1, எஸ்8 ரயில்கள் இரண்டுமே ஊருக்குள் வரும், முக்கால் மணி நேரம், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ. மாதச் சீட்டுக்கு டாய்ச்லாண்ட்டிக்கெட் இப்போது 63 யூரோ, பவேரியாவில் மாணவருக்கு அதைவிடக் குறைவான சலுகைச் சீட்டு இருக்கிறது. அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், சாவியை உள்ளே வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போகக் கூடாது, பூட்டுக்காரர் வந்தால் நூற்றுக்கணக்கில் கேட்பார்.

சாமான் பட்டியலையும் ஒருமுறை திருத்திவிடுங்கள். நெய், பால்கோவா, எந்த இறைச்சியும் ஐரோப்பாவுக்குள் பயணி கொண்டுவரக் கூடாது, பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும், அதை எந்த அம்மா வாங்கிக் கொடுப்பார்? கருவாட்டுக்குத் தடை இல்லை, மீன் வகை 20 கிலோ வரை வரலாம். பக்கத்து அறைக்காரர் என்ன சொல்வார் என்பது வேறு விஷயம்.

ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விசா முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதங்கள் ஆனாலும், முன்பே விண்ணப்பித்திருந்தால் பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், அதற்கு ஒரு இடைக்காலத் தாளும் கேட்டு வாங்கலாம். ஒருநாள் பிந்தினால் கதை வேறு. விசா ஒட்டி வந்த அன்று உங்கள் அலுவலகத்தில் இனிப்பு கொடுத்து போட்டோ எடுப்பீர்கள் இல்லையா, அந்தப் போட்டோவுக்கு முன்னால் அதன் முடிவுத் தேதியைப் பிள்ளையின் போனில் அலாரமாகப் போட்டுவிடுங்கள், இரண்டு மாதம் முன்னதாக.

இந்த மடலில் இருப்பதை அப்படியே எடுத்து உங்கள் அலுவலகப் பெயரைப் போட்டு அச்சடித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. தொகைகளை மட்டும் ஒவ்வொரு ஜனவரியிலும் சரிபார்த்துவிட்டு அச்சடியுங்கள், டிக்கெட் விலை, கூலி, காப்பீடு எல்லாம் இங்கே புத்தாண்டில்தான் பெரும்பாலும் மாறும்.

மியூனிக்கில் இருந்து,
உங்கள் பழைய மாணவர்களுக்குப் போன் எடுக்கும் ஒருவன்