அடுத்த வெள்ளத்துக்கு முன் கிராம நூலகங்களைத் தயார்படுத்த வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டிறுதி மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் வெள்ள முன்னேற்பாடுகளைப் பற்றிய அறிவிப்புகள் நாளிதழ்களில் வெளிவருகின்றன. எந்தப் பள்ளி மண்டபம் துயர்துடைப்பு மையமாகும், படகுகள் எங்கே நிறுத்தப்படும், அரிசியும் போர்வையும் எங்கே சேமிக்கப்படும் என்பன அவற்றில் இடம்பெறுகின்றன. ஆனால், எங்கள் பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையிலும் பாலிக் பூலாவிலும் மக்கள் நடந்தே சென்று சேரக்கூடிய தொலைவில் உள்ள கிராம நூலகங்களைப் பற்றி ஒரு வரியைக்கூட நான் கண்டதில்லை. இந்தக் குறையை மாநில அரசும் மாவட்ட அதிகாரிகளும் இவ்வாண்டே சரிசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

2017 நவம்பர் 4, 5ஆம் தேதிகளில் பெய்த பெருமழையைப் பினாங்கு மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்த அந்த மழையில் 7 உயிர்கள் பறிபோயின. தீவும் பெருநிலமும் ஒருசேர முடங்கியதால் இராணுவத்தின் உதவி கோரப்பட்டது. அப்படிப்பட்ட இரவில் படகும் கயிறும் பயிற்சி பெற்ற மீட்புப் படையினருமே தேவை. அங்கே நூலகத்துக்கு வேலையில்லை. நூலகத்தைத் துயர்துடைப்பு மையமாக்கும்படியும் நான் கேட்கவில்லை. நம் கிராம நூலகங்களில் பல ஓரிரு அறைகளே கொண்டவை; அங்கே ஐம்பது பேரைப் படுக்க வைத்தால் மக்களுக்கும் வசதி இராது, நூல்களும் தப்பா. தண்ணீர் வடிந்த மறுநாள் தொடங்கிப் பல வாரங்கள் நீளும் வேலை ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் நூலகத்தை விடப் பொருத்தமான இடம் கிராமத்தில் வேறில்லை.

வெள்ளம் புகுந்த வீட்டில் பலர் முதலில் தேடுவது அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் பிஸ்கட் தகரத்தைத்தான். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்று, வீட்டுப் பத்திரம், பிள்ளையின் எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ் எல்லாம் சேற்று நீரில் ஊறி ஒரே கட்டியாக ஒட்டிக் கிடக்கும். பதற்றத்தில் அவற்றை விரலால் பிரிக்க முயல்வார்கள். ஒரு தாளின் எழுத்து மறு தாளோடு உரிந்து வந்துவிடும். சிலர் கொளுத்தும் வெயிலில் காயவைப்பார்கள். தாள் சுருண்டு நொறுங்கிப்போகும். செய்ய வேண்டியதோ எளிது. ஒட்டிய தாள்களை வலிந்து பிரிக்கக் கூடாது. மை கரையாதென்றால் சுத்தமான நீரில் மெல்ல அலசிச் சேற்றை நீக்கி, ஈரம் உறிஞ்சும் வெள்ளைத்தாள்களை இடையிடையே வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்று படும்படி உலர்த்த வேண்டும். ஈரத்தாளில் இரண்டு மூன்று நாட்களுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்; அதற்குள் உலர்த்த முடியாது என்றால் நெகிழிப் பையிலிட்டு உறைகுளிரில் வைத்தால், சாவகாசமாகக் கவனித்துக்கொள்ளலாம்.

இந்த அறிவு நூலகத்துறைக்குப் புதிதன்று. 1966ஆம் ஆண்டு, அதே நவம்பர் 4ஆம் தேதி, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்துத் தேசிய நூலகத்தின் இலட்சக்கணக்கான ஏடுகளைச் சேற்றில் அமிழ்த்தியது. பல நாடுகளிலிருந்து திரண்டுவந்து அவற்றை மீட்டவர்கள் அன்று கற்றுக்கொண்டவைதான், நனைந்த நூல்களைக் காப்பாற்றும் இன்றைய முறைகள் பலவற்றுக்கு அடிப்படை. அந்த அனுபவம் நம் கிராமத்துப் பிஸ்கட் தகரத்துக்கும் பயன்படட்டுமே. நூலகப் பணியாளர்களுக்கு இதில் முறையான பயிற்சியும், ஒரு பெட்டி நிறைய உறிஞ்சுதாள், கையுறை, மின்விசிறி ஆகியவையும் கொடுத்தால் போதும்.

அதைவிடச் சிறந்தது, நனையும் முன்பே நகலெடுத்து வைப்பது. மழைக்கு முந்திய செப்டம்பரில் ஒரு வார இறுதியை ஒதுக்கி, குடும்ப ஆவணங்களை நூலகத்தின் இயந்திரத்தில் இலவசமாக வருடி (ஸ்கேன் செய்து) கொடுக்கலாம். அந்த நகல் உரியவரின் விரலியிலோ (பென் டிரைவ்) மின்னஞ்சலிலோ மட்டுமே இருக்க வேண்டும். நூலகக் கணினியில் ஒரு படிகூடத் தங்கக் கூடாது என்பதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன். அடையாள அட்டை எண்ணை வைத்து மோசடிகள் நடக்கும் காலம் இது.

அடுத்தது, மனுப் பாரங்கள். 2021 டிசம்பரில் கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியபோது, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 1,000 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகையை அரசாங்கம் அறிவித்தது. அத்தகைய உதவியைப் பெறப் பாரம் நிரப்ப வேண்டும், நகல் இணைக்க வேண்டும், சில வேளைகளில் இணையத்தில் பதிய வேண்டும். கைப்பேசி நீரில் போய்விட்ட ஒருவர் என்ன செய்வார்? 2005இல் அமெரிக்காவின் தென்கரையைக் கத்ரீனா சூறாவளி தாக்கியபோதும் இதே நிலைதான். நிவாரண மனுக்களை இணையத்தில் நிரப்புவதற்காக மக்கள் திரண்டது பொது நூலகங்களின் கணினிகளுக்கு முன்னால்தான். நூலகர்களே உடனிருந்து உதவினார்கள். இத்தகைய அனுபவங்களுக்குப் பின், 2011 ஜனவரியில் அந்நாட்டின் பேரிடர் நிர்வாக அமைப்பு, நூலகங்களை இன்றியமையாச் சமூகச் சேவைகளின் வரிசையில் சேர்த்தது. ஒரு நூலகம் சேதமுற்றால், அதைத் தற்காலிக இடத்தில் நடத்தவும் அரசு நிதி கிடைக்க அது வழிசெய்தது. அத்தகைய ஏற்பாடு நமக்கும் தேவை.

தமிழர்களைப் பொறுத்தவரை இன்னொரு தேவையும் இருக்கிறது. நிபோங் தெபால், சுங்கை பாக்காப் வட்டாரங்களில் தோட்டங்களை விட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்த முதியவர்களில் பலர் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர்கள். வானிலை ஆய்வுத்துறை தொடர்மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று நீர்மட்டத்தை இணையத்தில் காட்டுகிறது. பிள்ளைகள் வேலைக்குப் போன பகல் வேளையில் இவற்றை அவர்களுக்கு யார் வாசித்துச் சொல்வார்கள்? மின்னல் எஃப்.எம். வானொலி தன் பங்கைச் செய்கிறது என்றாலும், எந்த நிலையில் எந்தச் சாலை வழியாக எந்த மண்டபத்துக்குப் போக வேண்டும் என்ற உள்ளூர்த் தகவலை வானொலியால் தர முடியாது. நூலக வாசலில் ஒரு பலகை வைத்து, அத்தகவலை மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். அதையே படமெடுத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் அனுப்பலாம். வெள்ளத்துக்குப் பின் எலிச்சிறுநீர்க் காய்ச்சல் பரவாமலிருக்க, காலணி அணியாமல் சேறு வார வேண்டாம் என்பது போன்ற எச்சரிக்கைகளுக்கும் அதே பலகை உதவும்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின் இணைப்புகளைத் தரைமட்டத்திலிருந்து உயர்த்துவது, அடித்தட்டை வெறுமையாக விடுவது, சூரிய மின்தகடும் மின்கலமும் பொருத்திக் கைப்பேசிகளுக்கு மின்னூட்டம் தருவது ஆகியவை பெருஞ்செலவு பிடிக்காத வேலைகள். நூலகமே வெள்ளப் பகுதியில் இருந்தால், மேட்டு நிலத்தில் உள்ள மற்றொரு நூலகத்தோடு முன்கூட்டியே இணைத்து, இங்கு மூடினால் அங்கு சேவை தொடரும்படி எழுத்தில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஒரு நூலகத்தில் ஓரிருவரே பணிபுரியும்போது அவர்களுடைய வீடும் மூழ்கியிருக்கலாம் என்பதை மறந்து திட்டம் தீட்டுவது நியாயமாகாது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் பாரம் நிரப்ப உதவக்கூடிய இளைஞர்களின் பெயர்களை இப்போதே நூலகரிடம் கொடுத்து வைத்தால் அந்தச் சுமை பாதியாகும்.

துயர்துடைப்பு மையங்களில் தங்கும் பிள்ளைகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாள் முழுதும் மண்டபத்தின் மூலையில் முடங்கிக் கிடக்கும் அவர்களிடம் நடமாடும் நூலக வண்டி ஒன்று போய்ச் சேர்ந்து, தமிழ்க் கதைப்புத்தகங்களையும் வண்ணப் பென்சில்களையும் கொடுத்து, ஒருவர் உட்கார்ந்து கதை சொன்னால் பெற்றோருக்கும் சற்று மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

செபராங் ஜெயாவில் தலைமையகம் கொண்ட பினாங்கு பொது நூலகக் கழகம், வெள்ள அபாயப் பகுதிகளில் உள்ள தன் கிளைகளையும் கிராம நூலகங்களையும் கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க அளவில் செயல்திட்டம் எழுத வேண்டும். மாவட்ட அதிகாரி தலைமையிலான பேரிடர் நிர்வாகக் குழு அத்திட்டத்தைத் தன் திட்டத்தோடு சேர்த்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்கே நூலகர் ஒருவரை அழைக்க வேண்டும். அக்டோபர் மழை தொடங்கும் முன் இவ்விரண்டும் நடக்க எங்கள் சட்டமன்ற உறுப்பினர்கள் ஆவன செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலக வாசகர் ஒருவர்,
நிபோங் தெபால், பினாங்கு.