உதவியாளருக்கும் பயிற்சி தேவை

ஆசிரியருக்கு,

பல் மருத்துவமனைகளின் கிருமிநீக்க விதிகள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். சான்றிதழைச் சுவரில் மாட்டினால் மட்டும் விதி நடைமுறைக்கு வந்துவிடாது. கருவிகளைக் கழுவி, உறையிட்டு, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் கருவி) வைப்பவர் பெரும்பாலும் உதவியாளர்தான். அவருக்கு யார் சொல்லித்தருகிறார்கள்? நான் வேலை பார்த்த ஒரு கிளினிக்கில், உறையிலுள்ள பட்டை நிறம் மாறினாலே போதும் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நம்பினார்கள். அந்த நிறம் சூடு பட்டதைத்தான் காட்டும்; கிருமி செத்ததா என்றறிய வாரம் ஒருமுறையாவது ஸ்போர் சோதனை, அதாவது எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்து அவை செத்தனவா என்று பார்க்கும் சோதனை, வேண்டும். உறைகளை நெருக்கி அடுக்கினால் நீராவி சரியாகப் பரவாது, 134 டிகிரி வைத்தும் பயனில்லை.

ஆய்வுக்கு வருபவர்கள் பதிவேட்டைப் புரட்டுவதோடு நிற்காமல், உதவியாளரைச் செய்துகாட்டச் சொல்லட்டும். சேர்ந்தவுடன் பயிற்சி, அப்புறம் ஆண்டுதோறும் ஒருமுறை என்பதை உரிமம் புதுப்பிக்கும் நிபந்தனையாக்கலாம்.