பாம்பு வாங்கப் போகிறவனின் மாமாவுக்கு

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். இங்கே எல்லோரும் சுகம்.

உன் அக்கா மகன் பால் பைத்தான் (Ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வாங்குகிறானாமே! கரப்பானைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற வம்சம்டா அது. 'எல்லாம் பேப்பரோட இருக்கு' என்று விற்பவன் சொன்னதாக எழுதியிருந்தாய் பார், அங்கேதான் சிரிப்பு நின்றது.

அந்தப் பேப்பர் பெரும்பாலும் 2020-இன் ஜெராக்ஸாக இருக்கும். அந்த ஜூனில் மத்திய அரசு, வெளிநாட்டுப் பிராணி வைத்திருப்பவர் ஆறு மாதத்துக்குள் தானாக வந்து சொன்னால் ஆவணம் கேட்க மாட்டோம் என்றது. அப்படிப் பதிந்த ஜோடியின் தாளைக் காட்டினால், இன்று பாங்காக்கிலிருந்து குருவி (கூலிக்குச் சரக்கு கடத்துகிறவன்) துணிப்பையில் முடிந்து, சாக்லேட் டப்பாக்களுக்கு நடுவே கொண்டுவருகிற குட்டியும் 'அந்த ஜோடி போட்டது' ஆகிவிடுகிறது. கணக்குப் பார்: பெட்டைக்குப் பருவம் வர இரண்டு மூன்று வருஷம். அதன்பின் வருஷத்துக்கு ஒரே ஈடு, ஆறேழு முட்டை. ஒரே ஜோடியைக் காட்டி ஒரே வருஷத்தில் முப்பது குட்டி விற்கிறான் என்றால் மிச்சம் எங்கிருந்து வந்தது?

வெளிநாட்டுச் சரக்கு என்றால் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) உரிமம், அந்த நாட்டின் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி, கால்நடை மருத்துவச் சான்று, இங்கே குவாரண்டைன் அனுமதி எல்லாம் கேள். இங்கே பிறந்தது என்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தாய் தகப்பன் பதிவும் குட்டியின் பிறப்புப் பதிவும் வேண்டும். வாங்கிய 30 நாளுக்குள் இவனும் பதிய வேண்டும். முன்பெல்லாம் சுங்கத்தைத் தாண்டிவிட்டால் வனத்துறை கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகள் அப்போது நம் நாட்டு உயிர்களுக்கு மட்டுமானவை. 2022 திருத்தம் 1.4.2023-இல் அமலுக்கு வந்தபிறகு சைட்டிஸ் இனங்களுக்கென்றே நான்காம் அட்டவணை இருக்கிறது. ஆனால் சுகர் கிளைடர் (தாவி மிதக்கும் சின்னப் பைப்பாலூட்டி) சைட்டிஸிலேயே இல்லை, ஆகவே இதிலும் இல்லை. வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். விமான நிலையத்தில் பிடிபட்டதும் மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) எழுதி, நோய் பயத்தால், பிராணியை அது வந்த விமான நிறுவனத்திலேயே திருப்பி அனுப்புகிறார்கள்; செலவு பயணி தலையில். பாம்பு பட்டினி தாங்கும். மார்மோசெட் (குட்டியூண்டு தென்னமெரிக்கக் குரங்கு) குட்டிக்கு ஒரு வேளை நீர் இல்லாவிட்டால் துவண்டுவிடும், அதற்கு மறுபடியும் ஒரு பெட்டிப் பயணம். அங்கே இறங்கியபின் அது திரும்பச் சந்தைக்குப் போகாது என்று யார் பார்க்கிறார்கள்?

சரி, பையனிடம் முன்பணம் கொடுக்காதே என்று சொல். அந்தத் தாளை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பு. மூக்கோட்டையையும் கண்ணோரத்தையும் கிட்டத்தில் எடுத்த பாம்புப் படம் ஒன்றும். உண்ணி ஒட்டியிருந்தால் காட்டில் பிடித்ததோ என்று சந்தேகப்பட வேண்டும்.

உன்,
கோபி