மீண்டும் பலகை முன் அமர வைத்தவர்களுக்கு

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார்; மாநிலச் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றை நானும் தோல்வியின்றி முடித்துவிட்டேன். நடந்தவை அனைத்தையும் நீங்கள் அறிவீர்கள் என்பதால் அவற்றை மீண்டும் எழுதவில்லை. இரத்தம் கொடுத்தவர்கள், இரவுகளில் முறை வைத்து விழித்திருந்த அத்தையும் சித்தியும், என்னிடம் சொல்லாமலே நுழைவுக் கட்டணத்தைச் செலுத்திவிட்ட சதுரங்கக் கழகத் தோழர்கள் ஆகிய எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கடைசிச் சுற்றுக்கு முந்தைய நாள் பகலில்தான் என்னிடம் தோற்றிருந்த பெரியவர் அவர். கடைசிச் சுற்றில் யாருக்கு யார் எதிராளி என்று காட்டும் பேரிங் பட்டியலில் எனக்குக் கறுப்புக் காய் என்பதையும், எதிரில் அமரப்போகிறவர் எப்போதும் ரூய் லோபஸ் என்னும் தொடக்க ஆட்டத்தையே ஆடுபவர் என்பதையும் கண்டு, தாமாகவே வந்து என்னருகில் அமர்ந்து, “தம்பி, பெர்லின் ஆடிப் பார்த்ததுண்டா?” என்று கேட்டார். ரூய் லோபஸுக்கு எதிராகக் கறுப்பு ஆடும் தடுப்பாட்டம் அது. 2000ஆம் ஆண்டு லண்டனில் கிராம்னிக் அந்தத் தடுப்பாட்டத்தைத் துணைகொண்டு, அப்போதைய உலக வாகையர் காஸ்பரோவை ஓர் ஆட்டம்கூட வெல்லவிடாமல் உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார் என்று படித்திருந்தேன். ஆயினும் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் வெட்டுப்பட்டு, ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் காஸ்லிங் உரிமையும் போய், ராஜா டி8 கட்டத்தில் நிற்கும் நிலையை விரும்பி ஏற்கும் துணிவு எனக்கு வந்ததில்லை.

அவரோ சிறிய காந்தப் பலகையை விரித்து, எஃப்5இல் நிற்கும் குதிரையை வெள்ளை தன் சிப்பாயை ஜி4க்கு நகர்த்தி விரட்டிவிடாதபடி நம் சிப்பாயை எச்5க்கு நகர்த்துவது எப்போது, ராஜாவை இ8க்குக் கொண்டு செல்வதா அல்லது சி8 வழியாக ராணிப் பக்கம் ஒதுக்குவதா, ஒரே நெடுவரிசையில் முன்பின்னாக நிற்கும் இரட்டைச் சிப்பாய்களால் வரும் குறையை இரண்டு பிஷப்புகள் எவ்வாறு ஈடுசெய்கின்றன என்றெல்லாம், தமக்கும் மறுநாள் ஆட்டம் இருந்தும், அவசரமின்றி விளக்கினார். மறுநாள் அதே நிலைதான் வந்தது. ஆட்டம் சமனில் முடிந்து, எனக்குத் தேவைப்பட்ட அரைப்புள்ளியும் கிடைத்தது.

அந்த மாலை முழுவதும் அவர் என் வீட்டு நிலைமையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆறுதல் மொழிகளையே கேட்டுக் கேட்டுத் தளர்ந்திருந்த எனக்கு, என்னை ஓர் ஆட்டக்காரனாக மட்டும் மதித்து ஒருவர் பேசியது எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்பதை அவர் அறிந்திருப்பாரா என்று தெரியவில்லை.

ஐயா, தங்கள் விருப்பப்படியே பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் இனி என்னை வென்ற ஒருவர் அடுத்த சுற்றுக்குத் தயாராக முடியாமல் தவிப்பதைக் கண்டால், நானும் அவரருகில் அமர்ந்து எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் காட்டுவேன் என்று தங்களுக்கு உறுதி கூறுகிறேன்.

பணிவான நன்றியுடன்.